சத்தமாகச் செய்த ஜெபம்

பிப்ரவரி 22, புதன்

இந்த லெந்து நோன்பு நாட்களில் எதை விடப் போகிறீர்கள் என்று ஐயரம்மா கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சர்க்கரையை டாக்டர் நிறுத்திவிட்டார். கறியைப் பல் நிறுத்திவிட்டது. விடுவதற்கு என்னிடம் இனி என்ன இருக்கிறது? "வேணும்னா தினமும் என் குத்தத்த எழுதி வைக்கேன்" என்றேன். விளையாட்டாகச் சொன்னதை ஐயரம்மா பிடித்துக்கொண்டார்கள். "நல்ல காரியம், எழுதுங்க எப்சிபாக்கா" என்றார்கள். எங்கள் சபைப் போதகர் ஐயரவர்களின் மனைவி. என்னைவிட இருபது வயது சின்னவர்கள், ஆனாலும் அவர்கள் சொன்னால் தட்ட முடியாது. மகன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த டைரி பீரோவில் சும்மா கிடந்தது. எடுத்துவிட்டேன்.

இன்றைய குற்றம்: பொறாமை. இந்த வருஷமும் கன்வென்ஷன் கூட்டத்துப் பேச்சாளரைப் பாக்கியசீலி வீட்டில்தான் தங்கவைக்கிறார்களாம். அவள் வீட்டில் ஏசி இருக்கிறது, மேல்நாட்டு கக்கூஸ் இருக்கிறது. என் வீட்டு முன்னறைக்கும் புதுத் திரைச்சீலை தைத்துப் போட்டு, கமிட்டியில் இரண்டு தடவை சொல்லியும் ஆயிற்று. பாளையங்கோட்டையில் விருந்தாளிக்குச் சோறு போடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதானா?

பிப்ரவரி 23, வியாழன்

மீன்காரியோடு சண்டை. சாளை நாறியது உண்மைதான். ஆனாலும் நான் அவள் மகனைப் பேச்சில் இழுத்திருக்க வேண்டாம்.

பிப்ரவரி 27, திங்கள்

மத்தியானம் ஐயரம்மா வந்தார்கள். முன்னறையில் உட்காராமல் நேரே அடுக்களைக்கு வந்து, "எப்சிபாக்கா, ஒரு ஆள உங்க வீட்டுல வச்சுக்கிடுவீங்களா?" என்று கேட்டார்கள். கன்வென்ஷன் பேச்சாளர் என்றே நினைத்துவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பேச்சாளர் இல்லை. தூத்துக்குடியில் ஒரு பெண், மூன்று வயதுப் பிள்ளையோடு. ஐயரம்மாவின் தங்கையோடு கல்லூரியில் படித்தவள். "வீட்டுக்காரன் அடிக்கான். வெளிய பாத்தா தெரியாது, பாடகர் குழுவுல முதல் வரிசையில நிப்பான். ஈஸ்டர் முடிஞ்சதும் அவளுக்கு வடக்க ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில வேலை இருக்கு, பிள்ளையோட தங்குறதுக்கு இடமும் குடுக்காங்க. அதுவரைக்கும் அவ இருக்குற இடம் அவனுக்குத் தெரியக்கூடாது. எங்க வீடுன்னா முதல்ல அங்கதான் வந்து நிப்பான்."

சரி என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது. பெண்கள் சங்கத்துலகூட."

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது" என்று அவர்கள் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரரிடம் சாயங்காலம் சொன்னேன். "வரட்டுமே, சோறு நமக்கு மட்டுமா பொங்குது?" என்றார்கள். அவர்களுக்கு எல்லாமே போதும். ரசமும் ரேடியோவும் இருந்தால் பாளையங்கோட்டையே பரலோகம்.

மார்ச் 1, புதன்

விடியும்போது ஐயரம்மாவே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள். பெயர் கிறிஸ்டில்டா. ஒல்லி. பிள்ளையின் பெயர் ஜெமிமா, ஜெமி என்று கூப்பிடுகிறாள். பெட்டி ஒன்றுமில்லை, ஒரு கட்டைப்பை. முன்னறையைத்தான் கொடுப்பதாக இருந்தேன். "தெருப்பக்கம் வேண்டாம் பெரியம்மா" என்று சாமான் கிடக்கும் பின்னறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தைத்துப் போட்ட திரைச்சீலையை யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 4, சனி

குற்றம்: முறுமுறுப்பு. ஆப்பம் சுட்டேன், தேங்காய்ப்பால் எடுத்தேன், ஒரு 'நல்லா இருக்கு' கூட அவள் வாயிலிருந்து வரவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் வாசல் கேட் கொண்டி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறாள். குளிக்கப் போனாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுதான் போகிறாள். நான் என்ன பிள்ளையை விழுங்கிவிடுவேனா?

மார்ச் 7, செவ்வாய்

இன்று ஜெமி கையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் விழுந்தது. உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டிருந்தது. கிறிஸ்டில்டா கட்டிலை மறைத்துக்கொண்டு நிற்கிறாள், கையில் ஒன்றுமில்லாமல், என்னைப் பார்த்து. நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "டம்ளர்தானட்டி" என்றேன்.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார்கள். அதிலிருந்து வீட்டுக்குள் எந்த அறைக்குப் போவதானாலும் ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் போகிறார்கள்.

சனிக்கிழமை எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். கிடக்கட்டும், குற்றம் எழுதத்தானே இந்த டைரி.

மார்ச் 10, வெள்ளி

ஜெமி என் வீட்டுக்காரரின் ரேடியோவைத் திருகப் பழகிவிட்டாள். செய்தி வாசிக்கிறவரோடு இவளும் கத்துகிறாள். கிறிஸ்டில்டா இன்று முதல்முறையாக அடுக்களையில் என் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவினாள். அவள் கல்யாணம் எப்படிப் பேசி முடித்தார்கள் என்று சொன்னாள். பையன் வாராவாரம் கோவிலுக்குப் போகிறவன், குடிக்காதவன், சொந்தமாகப் பெயின்ட் கடை. அவள் அம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? என்னிடம் கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

"நீங்களும் பெரியப்பாவும் சண்டையே போட மாட்டீங்களா பெரியம்மா?" என்று கேட்டாள்.

"தினமும் போடுவோம். அவுக காதுல விழாது, அவ்வளவுதான்" என்றேன். சிரித்தாள். பல்வரிசை அழகான பிள்ளை.

மார்ச் 12, ஞாயிறு

கோவில் வாசலில் பாக்கியசீலி பிடித்துக்கொண்டாள். பேச்சாளர் அவள் வீட்டு மீன்குழம்பை மேடையிலேயே சொன்னாராம். இப்படிப்பட்ட விருந்தோம்பலை வேறெங்கும் பார்த்ததில்லை என்றாராம். சுற்றி நின்றவர்கள் ஆமா ஆமா என்றார்கள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க தனியா ரெண்டு பேர்தான, உங்களுக்கு இந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது" என்றாள்.

வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். ஆண்டவரே, நல்லது செய்துவிட்டு அதைச் சொல்லாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமா?

மார்ச் 16, வியாழன்

சங்கக் கூட்டம் இன்று எங்கள் வீட்டு முறை. மாற்றிப் போடலாம் என்றால் காரணம் கேட்பார்கள். கிறிஸ்டில்டாவிடம் சொன்னேன். பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையைத் தூங்க வைக்கிறேன் என்றாள். எல்லோரும் வந்தார்கள். சுண்டலும் காப்பியும். திரைச்சீலையை ஒருத்தி தொட்டுப் பார்த்தாள்.

கடைசியில் ஜெபக்குறிப்பு. ஒவ்வொருத்தியாகச் சொன்னோம். பாக்கியசீலியின் மகளுக்குக் கனடா விசா, இன்னொருத்திக்கு மூட்டுவலி. கூட்டம் நடக்கிற வீட்டுக்காரி முடிவு ஜெபம் செய்வது எங்கள் சங்கத்து வழக்கம். கண்ணை மூடி ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது என்னமோ பாரம் வந்தது. ஆவியானவர் ஏவுகிறார் என்றே நினைத்தேன். "பிதாவே, தூத்துக்குடியிலிருந்து நீர் எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிற உமது மகளை நினைத்தருளும். புருஷனுடைய கைக்குத் தப்பி, மூன்று வயதுப் பெண் குழந்தையோடு எங்கள் கூரையின் கீழ் ஒதுங்கியிருக்கிறாளே சுவாமி, எங்களால் ஆனமட்டும் அவளைத் தாங்குகிறோம்…" என்று அழுகையோடு ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் அறை முழுக்கக் கண்ணைத் துடைக்கிறார்கள். பாக்கியசீலி என் கையைப் பிடித்து, "எனக்குத் தெரியாம போச்சே எப்சிபாக்கா" என்றாள்.

பெயர் சொல்லவில்லை. ஜெபத்தில் சொன்னது வேறு, பேச்சில் சொன்னது வேறு. இதைக் குற்றம் என்று எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. எல்லோரும் நம்முடைய சகோதரிகள்தானே.

மார்ச் 17, வெள்ளி

நேற்று என் வீட்டுக்காரர் வாசல் பக்கம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். இன்று காலையில் காப்பி ஆற்றிக்கொண்டே, "ஏட்டி எப்சி, ஆண்டவருக்கு ஊரு, வீடு, பிள்ளை வயசு எல்லாம் சொல்லிட்டே. பின்கோட மட்டும் விட்டுட்டியே" என்றார்கள். சிரித்துத்தான் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்து காப்பியைப் பாதியில் வாங்கிவிட்டேன்.

கிறிஸ்டில்டா இன்று சரியாகப் பேசவில்லை. ஜெமிக்குச் சளி என்றாள்.

மார்ச் 20, திங்கள்

அரிசிக் கடையில் அறிமுகம் இல்லாத ஒரு அம்மாள், "உங்க வீட்டுல இருக்குற பிள்ளை எப்படிம்மா இருக்கா? நாங்களும் ஜெபிக்கோம்" என்றாள். அவள் வேறு சபைக்காரி. எனக்கு ஐயரம்மாவிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. சொன்னால் ஏன் சொன்னீர்கள் என்று கேட்பார்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 21, செவ்வாய்

போகவில்லை. துணி துவைக்க நிறைய இருந்தது.

மார்ச் 23, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணி வாக்கில் என் வீட்டுக்காரர் கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார்கள். வாசலில் கார் வந்து நின்றது. கிறிஸ்டில்டாவின் வீட்டுக்காரன் செல்வின். கூட கிறிஸ்டில்டாவின் அம்மா, அவர்கள் சபையின் மூப்பர் ஒருவர். வெள்ளைச் சட்டை, வாரிய தலை. கேட்டுக்கு வெளியே நின்று, "ஸ்தோத்திரம் பெரியம்மா. உள்ள வரலாமா?" என்று கேட்டான்.

வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கேட்டைத் திறக்காமல் பேசியிருக்கலாம். வெயிலில் வந்தவர்களை வாசலில் நிற்கவைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. கொண்டியை எடுத்தது என் கைதான். முன்னறையில் உட்காரவைத்தேன். காப்பி போட்டேன். நல்ல டம்ளரை எடுத்தேன்.

அவன் நன்றாகத்தான் பேசினான். கோபத்தில் ஒருநாள் கை நீண்டுவிட்டது, மனந்திரும்பிவிட்டேன் என்றான். முன்னறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீட்ட எவ்வளவு லட்சணமா வச்சிருக்கீங்க, திரைச்சீலையெல்லாம் நீங்க தைச்சதா?" என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மூப்பர் சொன்னார்: "அம்மா, நீங்க உங்க சங்கத்துல பாரத்தோட ஜெபிச்சது எங்க சபை வரைக்கும் வந்துட்டு. அதனாலதான் இந்தக் குடும்பம் சேரப் போவுது. உங்க ஜெபத்துக்கு ஆண்டவர் பதில் குடுத்துட்டார்."

என் வாயிலிருந்துதான் போயிருக்கிறது என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் எழுந்து பின்னறைக்குப் போனேன். கிறிஸ்டில்டா கதவுக்குப் பின்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் என்ன சொன்னேன்? "நல்லாத்தானட்டி பேசுதான். உங்க அம்மாவும் வந்திருக்காவ. வந்து ரெண்டு வார்த்தை பேசு." பிள்ளையை அவள் இடுப்பிலிருந்து இறக்கியதும் நான்தான். பிள்ளையின் கையைப் பிடித்து முன்னறைக்குக் கூட்டிவந்தேன், அவளும் பின்னாலேயே வந்தாள்.

அவனைப் பார்த்ததும் ஜெமி அழவில்லை. நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டாள். கால் வழியாக ஓடித் தரையெல்லாம் நனைந்தது. என் கையை விடவில்லை.

மூப்பர், "எல்லாரும் ஒரு வார்த்தை ஜெபிச்சுக்கிடுவோம்" என்று எழுந்தார். நான் கண்ணை மூடினேன். சின்ன வயதிலிருந்து ஜெபம் என்றால் கண் தானாக மூடிக்கொள்ளும். பிரிந்ததைச் சேர்க்கிற தேவனே என்று அவர் நீட்டிக்கொண்டே போனார். என் கையிலிருந்து சின்னக் கை உருவப்படுவது தெரிந்தது. அப்போதும் நான் கண்ணைத் திறக்கவில்லை. ஆமென் சொல்லித் திறந்தபோது அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டியிருந்தான். கிறிஸ்டில்டா செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினாள்.

நானும் வாசலுக்குப் போனேன். காருக்குள் ஏறுமுன் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான், "காப்பியாவது குடிச்சிட்டுப் போலாமே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

அவள் அம்மா என் கையைப் பிடித்து, "புருஷன் வீட்டுக்குத்தானம்மா போறா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 24, வெள்ளி

தரையை இரண்டு தடவை கழுவினேன்.

மார்ச் 26, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஐயரம்மா வீட்டுக்கு வந்தார்கள். அழுது முகம் வீங்கியிருந்தது. கிறிஸ்டில்டாவின் போனை அவன் வாங்கி வைத்துவிட்டானாம். "அவனுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும் எப்சிபாக்கா? நான்தான் எங்கயோ வாய் விட்டிருக்கேன். தங்கச்சிகிட்ட போன்ல பேசினேன், பக்கத்துல எங்க வேலைக்காரி இருந்தா. அவ மூலமா இருக்குமோ? ராவெல்லாம் யோசிச்சுப் பாக்கேன்" என்றார்கள்.

நான் சொன்னேன்: "யார் கண்ணுலயாவது பட்டிருக்கும்."

என் வீட்டுக்காரர் ரேடியோ பக்கத்தில் இருந்தார்கள். ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்கள்.

மார்ச் 29, புதன்

மூன்று நாளாக என் வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்யவில்லை. குழம்பில் உப்பு இல்லாமல் இருந்தது, பேசாமல் சாப்பிட்டார்கள். நாற்பது வருஷமாக இந்தக் கேலியைப் பொறுக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று மத்தியானம் வாயைத் திறந்தார்கள். "எப்சி, ஐயரம்மா மேல தூத்துக்குடிக்காரங்க புகார் குடுத்திருக்காங்களாம், குடும்பத்தப் பிரிச்சாங்கன்னு. ஐயரவர்களுக்கு இந்த ஊருல இருக்க முடியாது போல. அந்த அம்மா அந்த வேலைக்காரியையும் நிறுத்திட்டாங்க."

"நான் என்ன செய்யணும்கிறீங்க?"

"நான் என்ன சொல்ல? உனக்குத் தெரியாததா?"

அவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். சொல்லவே மாட்டார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அது இன்னும் வலிக்கிறது.

மார்ச் 31, வெள்ளி

ஐயர் வீட்டுக்குப் போனேன். சுற்றிவளைக்காமல், "நான்தான் சொன்னேன். எங்க வீட்டுக் கூட்டத்துல, ஜெபத்துல சொன்னேன். பாக்கியசீலி முன்னால பெருமையா இருக்கணும்னு சொன்னேன்" என்றேன். பாரம், ஆவியானவர், அதெல்லாம் வாயில் வரவில்லை.

ஐயரம்மா அழுவார்கள், அல்லது மன்னித்தேன் என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். "வேலைக்காரிய வேணாம்னுட்டேன் எப்சிபாக்கா. அவ மூணு பிள்ளைக்காரி" என்றார்கள். பிறகு, "எனக்கு இப்ப உங்க முகத்தப் பாக்க முடியல. நீங்க போங்க" என்றார்கள்.

போனேன். நேரே பாக்கியசீலி வீட்டுக்குப் போய் அவளிடமும் சொன்னேன். அந்தப் பெண்ணை அவன் பிடித்துக்கொண்டு போனது நம் வாயால்தான் என்றேன். அவள் உடனே, "வாங்க, இப்பவே முழங்கால்ல நின்னு உங்களுக்காக ஜெபிப்போம்" என்றாள்.

"வேண்டாம். சத்தமா வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 4, செவ்வாய்

பரிசுத்த வாரம். தூத்துக்குடிக்குப் போனோம், என் வீட்டுக்காரரும் நானும். மருமகள் முறையில் ஒருத்தியைப் பார்க்க வந்தோம், அப்படியே உங்களையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பொய் சொல்லிக்கொண்டு செல்வின் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவன் கடையில் இருந்தான். அவன் அம்மா பல்லெல்லாம் தெரிய வரவேற்றாள். அவர்களைச் சேர்த்துவைத்த புண்ணியவதி அல்லவா நான்! கிறிஸ்டில்டா வந்து தலையை ஆட்டிவிட்டு டீ போட உள்ளே போனாள். ஜெமி சுவர் ஓரமாக இருந்தாள். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

என் வீட்டுக்காரர் அந்த அம்மாளிடம் பெயின்ட் விலை, மழை, பிஷப் தேர்தல் என்று பேச ஆரம்பித்தார்கள். வாழ்நாளில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நான் டம்ளர் எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போனேன். அவள் இடது கையால் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தாள். வலது கை முந்தானைக்குள் இருந்தது.

"கிறிஸ்டில்டா, ஐயரம்மா ஒண்ணும் சொல்லல. நான்தான்" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் பெரியம்மா" என்றாள்.

"மூப்பர் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"அதுக்கு முன்னாலயே தெரியும். அன்னைக்குச் சங்கத்துல நீங்க ஜெபம் பண்ணும்போது நான் முழிச்சுத்தான் இருந்தேன். கதவுதான சாத்தியிருந்துச்சு."

அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டேன்.

"பின்ன ஏன் பிள்ளே அன்னைக்கே போகல? ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"போயிருக்கணும். உங்க வீட்டுக்கு வந்த பெறகு ஜெமி ராத்திரி பாய நனைக்கிறத விட்டிருந்தா. இன்னும் ஒரு நாள் தூங்கட்டும், இன்னும் ஒரு நாள் தூங்கட்டும்னு இருந்துட்டேன்." டீயை டம்ளரில் ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. "நீங்க எனக்காக அழுதீங்க பெரியம்மா. எங்க அம்மாகூட அழல. நானும் உள்ள இருந்து ஆமென் சொன்னேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெளியே என் வீட்டுக்காரர் இருமினார்கள். அந்த அம்மாள் எழுந்து வருகிறாள் என்று அர்த்தம். கிறிஸ்டில்டா டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, உதடு அசையாமல் ஒன்று கேட்டாள். நான் சரி என்றேன். என்ன கேட்டாள் என்று இங்கே எழுதப் போவதில்லை.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை முழுக்க முழங்காலில் இருந்தேன். ஒன்றும் சொல்லி ஜெபிக்க வரவில்லை. ஜெமியின் கை என் கையிலிருந்து உருவப்பட்டது மட்டும் வந்துகொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. மன்னிப்புக் கிடைத்தால் எனக்கு நிம்மதி, அவளுக்கு என்ன?

ஏப்ரல் 9, ஈஸ்டர்

விடியற்கால ஆராதனை. ஐயரம்மா கை கொடுத்தார்கள், பேசவில்லை. நிறுத்திய வேலைக்காரி கோவிலில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 13, வியாழன்

சாயங்காலம் ஐயரம்மா வந்தார்கள். நேரே அடுக்களைக்கு வந்தார்கள். பேசினோம்.

ஏப்ரல் 17, திங்கள்

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 18, செவ்வாய்

ஒன்றுமில்லை.

ஏப்ரல் 20, வியாழன்

சங்கக் கூட்டம், பாக்கியசீலி வீட்டில். போகாவிட்டால் தேடி வருவார்கள் என்று போனேன். செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. தூத்துக்குடியில் அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் போய்விட்டாளாம். செல்வின் ஊர் ஊராக அலைகிறானாம்.

ஒருத்தி கேட்டாள்: "எப்சிபாக்கா, உங்க வீட்டுக்கு வந்தாளா?"

பாக்கியசீலி என் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, "அவங்ககிட்ட ஏன் கேக்கீங்க? குறிப்பச் சொல்லுங்க, நேரமாவுது" என்று பேச்சை வெட்டினாள். அவளைப் பற்றி இந்த டைரியில் நான் எழுதியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

ஆனாலும் நான் பதில் சொன்னேன். "வரல" என்றேன். தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

ஒவ்வொருத்தியாகக் குறிப்புச் சொன்னார்கள். விசா வந்துவிட்டது, மூட்டுவலி அப்படியே இருக்கிறது. என் முறை வந்தது. "உங்க ஜெபக்குறிப்பு என்ன எப்சிபாக்கா?" என்று கேட்டார்கள்.

ஒன்றுமில்லை என்றேன். இந்தச் சங்கத்தில் சேர்ந்த நாளிலிருந்து நான் அப்படிச் சொன்னதே இல்லை. எல்லோரும் கண்ணை மூடி ஜெபத்தில் இருக்கும்போது, நான் கண்ணைத் திறந்துகொண்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசல் கேட் கொண்டி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போனேன். அடுக்களையில் வேலை கிடந்தது.